கல்லூரி ஆசிரியர்கள் நூலகரிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக இணைவு பெற்ற ஒரு கலை, அறிவியல் கல்லூரியில் நூலகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஜூனில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்களும், ஸ்டாஃப் ரூமிலிருந்து போன் செய்யும் மூத்தவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு கல்லூரிகளில் நடைமுறை கொஞ்சம் மாறலாம்.

1. நான் புதுசா சேர்ந்திருக்கேன். முதல்ல லைப்ரரில என்ன செய்யணும்?

அடையாள அட்டையும் ஒரு புகைப்படமும் கொண்டுவந்தால் உறுப்பினராவது ஐந்து நிமிட வேலை. அதே கையோடு என்-லிஸ்ட் கணக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது என்ன என்பதை 5-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

அதைவிட முக்கியமானது, இந்த செமஸ்டரில் நீங்கள் எடுக்கப்போகும் தாள்களின் பாடத்திட்டத்தை ஒரு பிரதி எடுத்துவருவது. அதில் சொல்லியிருக்கும் புத்தகங்களில் எது நம்மிடம் இருக்கிறது, எது பழைய பதிப்பு, எது அச்சிலேயே இல்லை என்று இருவரும் உட்கார்ந்து பார்க்க அரை மணி நேரம் போதும். அப்படிப் பார்த்துவிட்டுப் போன ஆசிரியர் செமஸ்டர் முழுக்க என் நினைவில் இருப்பார். அவர் தாளுக்குப் பொருந்துகிற புத்தகம் ஒன்று வந்தால் அன்றே அட்டைப்படத்தை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவேன். என்ன பாடம் எடுக்கிறார் என்றே தெரியாதவருக்கு நான் எதை அனுப்புவது?

2. நீங்க டீச்சிங் ஸ்டாஃபா, ஆபீஸ் ஸ்டாஃபா? பாட விஷயமெல்லாம் உங்ககிட்ட கேக்கலாமா மேடம்?

தாராளமாகக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி கல்லூரி நூலகருக்கான தகுதி நூலக அறிவியலில் முதுகலைப் பட்டமும், தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியும். நுழைவு ஊதிய நிலையும் உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே நிலை 10தான். உங்கள் துறையில் உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் துறையில் எழுதப்பட்டது எங்கே இருக்கும், எந்தச் சொல்லைப் போட்டால் கிடைக்கும், கிடைத்ததை நம்பலாமா என்பதைத்தான் நான் படித்திருக்கிறேன்.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வகுப்பறையை விட்டு வர மனமில்லாமல் வந்தவர்தான், பிறகு நூலகத்தை விட்டுப் போகவே இல்லை. 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் அத்தனையும் அந்த ஒரு விதிக்குள் அடங்கும். புத்தகப் பெயரோடு மட்டும் வராதீர்கள். என்ன தேடுகிறீர்கள், எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பாதித் தேடல் அதிலேயே முடிந்துவிடும்.

3. நான் எழுதிக் கொடுத்த புத்தகம் வர ஏன் இத்தனை நாள்? ஆன்லைன்ல ரெண்டு நாள்ல வருதே.

உங்கள் பட்டியல் துறைத் தலைவர் கையெழுத்தோடு வர வேண்டும். பிறகு நூலகக் குழு, கொட்டேஷன், முதல்வர் ஒப்புதல், ஆர்டர். புத்தகம் வந்ததும் பில்லோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் ஏற்றி, வகைப்பாட்டு எண் போட்டு, முதுகில் லேபிள் ஒட்டிய பிறகுதான் அலமாரிக்குப் போகும். இதில் கடைசிக் கட்டங்களை என்னால் ஒரே நாளில் முடித்துத் தர முடியும், அவசரமென்றால் சொல்லுங்கள். முன்னால் உள்ள கட்டங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஜூனில் வேண்டிய புத்தகத்தை மார்ச்சிலேயே எழுதிக் கொடுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐயும் பதிப்பு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் இருந்தால் விற்பனையாளர் கையில் இருக்கும் பழைய பதிப்புதான் வந்து சேரும். பொருளியல் துறையில் இப்படி வந்த புத்தகத்தின் புள்ளிவிவரம் எல்லாம் எட்டு வருடம் பழையது. திருப்பி அனுப்புவதற்குள் செமஸ்டரே முடிந்துவிட்டது.

4. புத்தகம் ரெண்டு பிரதிதான் இருக்கு, கிளாஸ்ல அறுபது பேர். ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கலாமா?

கற்பித்தலின் பகுதியாக ஆசிரியரும் மாணவரும் படியெடுக்க 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்ததை எதிர்த்து மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான அளவு படியெடுப்பது சட்டப்படி சரியே என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆகவே பாடத்துக்கு வேண்டிய இயல்களைப் படியெடுப்பதில் தயக்கம் வேண்டாம். கடையில் கிடைக்கும் பாடநூலை அட்டை முதல் அட்டை வரை அறுபது படி எடுத்து பைண்டிங் செய்வதற்கு நான் துணை வர மாட்டேன்.

படியெடுக்காமலேயே ஒரு வழி இருக்கிறது. அசைன்மென்ட் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் தலைப்பைச் சொல்லுங்கள். அந்த இரண்டு பிரதிகளையும் பகலில் வெளியே கொடுக்காமல் ரெஃபரன்ஸ் பகுதியில் வைத்து, மாலை கொடுத்துக் காலையில் வாங்கிக்கொள்வேன். அதே விஷயம் வேறு எந்தப் புத்தகங்களில் எந்தப் பக்கங்களில் இருக்கிறது என்றும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவேன். என்னிடம் சொல்லாமல் அசைன்மென்ட் கொடுத்தால் முதலில் ஓடிவரும் இரண்டு பேர் எடுத்துப் போய்விடுவார்கள். மீதி 58 பேர் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கும்.

5. என்-லிஸ்ட்னா என்ன? வீட்ல இருந்தே பார்க்க முடியுமா?

முடியும். குஜராத் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற யு.ஜி.சி. மையம் கல்லூரிகளுக்காக 2010 முதல் நடத்தும் திட்டம் இது. ஆயிரக்கணக்கான மின்னிதழ்களும் லட்சக்கணக்கான மின்நூல்களும் இதில் உண்டு. கல்லூரி இணைந்திருந்தால் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் வாங்கித் தருவது நூலகரின் வேலை. கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும். ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் சுமார் 6,300 நிறுவனங்களுக்கு என்று அறிவித்தார்கள். என்-லிஸ்ட் கணக்கு வாங்கிவிட்டு ஒருமுறைகூட உள்ளே நுழையாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். முதல் முறை மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து திறந்து பாருங்கள்.

6. எனக்கு வேண்டிய கட்டுரைக்கு 40 டாலர் கேக்குது. எடுத்துத் தருவீங்களா?

பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு அந்த இணைப்பை அனுப்புங்கள். முதலில் 5-இல் சொன்ன இடங்களில் பார்ப்பேன். அங்கே இல்லையென்றால் ஆசிரியரே தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக ஒரு படி போட்டிருக்கிறாரா என்று தேடுவேன். நிறைய நேரம் கிடைத்துவிடும். அப்புறம் டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பு. கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவதும் நல்ல வழி. தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புகிறார்கள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி. ஆய்வேடுகள் என்றால் நேராக ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போங்கள். எல்லோருக்கும் திறந்தது, கட்டணம் இல்லை.

7. நாங்க தமிழ்த் துறை. எங்களுக்கு வேணுங்கறது பழைய இதழ்கள்தான். அது எந்த டேட்டாபேஸ்ல இருக்கு?

நியாயமான குறை. பணம் கட்டி வாங்கும் தளங்களில் தமிழுக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் தமிழுக்கென்று வேறு கதவுகள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்களும் இதழ்களும் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. ஈழத்து எழுத்து என்றால் 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கும் இணையதளம். இலக்கிய மூலங்களின் மின்பதிப்புக்கு 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம்.

நேரில் போக வேண்டிய இடம் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் உருவானது. போவதற்கு முன் அவர்கள் அட்டவணையில் தேடி, வேண்டிய பட்டியலைத் தயார் செய்துகொண்டு போனால் ஒரு நாளில் ஒரு வார வேலை முடியும். பட்டியல் போட என்னோடு உட்காருங்கள். கடிதம் வேண்டுமென்றால் கல்லூரி முத்திரையோடு தருகிறேன்.

8. கூகுள் ஸ்காலர்ல என் கட்டுரைகள் ரெண்டு மூணு பேர்ல சிதறிக் கிடக்கு. அப்பா பேர்ல ஒண்ணு இருக்கு! எப்படி?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கூகுள் ஸ்காலர் போன்ற கட்டுரைத் தேடல் தளங்களோ பெயரின் கடைசித் துண்டைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கே. செல்வி என்பவர் ஒரு இதழில் இனிஷியலை விரித்து 'செல்வி கந்தசாமி' என்று கொடுத்தால், மேற்கோள்களில் அவர் 'கந்தசாமி, எஸ்.' ஆகிவிடுவார். ஆராய்ச்சி செய்தது மகள், பெயர் அப்பாவுக்கு. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி, எழில் என்ற பெயரில் இருக்கும் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஒருவர் இரண்டெழுத்து, இன்னொருவர் ஓரெழுத்து என்று குழப்பம் கூடிக்கொண்டே போகும்.

பெண் ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருமணத்துக்குப் பின் எனக்கும் இனிஷியல் மாறியது. முன்னால் எழுதியதும் பின்னால் எழுதியதும் இரண்டு வேறு ஆட்களின் கணக்கில் போய்ச் சேர்ந்தன. இதே சிக்கலில் மாட்டிய ஒரு நண்பர், பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்து, இரண்டு பெயரும் தன்னுடையவையே என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

தீர்வு ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண். 16 இலக்கம், இலவசம், 2012 முதல் வழங்கப்படுகிறது. அதில் உங்கள் எல்லாப் பெயர் வடிவங்களையும் பதிந்து வைக்கலாம். ஒரு வடிவத்தை முடிவு செய்து, இனிமேல் எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள், கூடவே இந்த எண்ணையும் கொடுங்கள். பழைய கட்டுரைகளை ஒன்று சேர்ப்பது பொறுமையான வேலை. புதன்கிழமை மதியம் அதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன். ஆய்வாளர்களின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் இன்ஃப்லிப்நெட்டின் வித்வான் தளத்திலும் அன்றே பதிந்துவிடலாம். ஆய்வு மாணவர்களுக்கு முதல் கட்டுரை எழுதும் முன்பே எண் வாங்கிக் கொடுங்கள். அவர்களுக்காவது இந்த அலைச்சல் வேண்டாம்.

9. இந்த ஜர்னல் யு.ஜி.சி. கேர் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

தரமான ஆய்விதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த அந்தப் பட்டியல் இப்போது நடப்பில் இல்லை. 2019-இல் வந்தது, கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அறிவித்தது. இதழின் தரத்தைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமே மதிப்பிட வேண்டும் என்று சொல்லி, அதற்கான அளவுகோல்களைப் பரிந்துரைகளாகத் தந்திருக்கிறது. 'யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்' என்று இன்னமும் விளம்பரம் வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

நான் பார்ப்பது இவை. ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா? மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்கிறார்களா? ஒரே இதழில் மண்ணியல், மேலாண்மை, திருக்குறள் எல்லாம் இருக்கிறதா? ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்கான வெறும் அடையாள எண், தரச் சான்று கிடையாது. அச்சில் மட்டும் வரும் நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி போலி இணையதளம் போட்டவர்களும் உண்டு. எங்கள் கல்லூரியில் ஒரு இளம் ஆசிரியை அப்படி ஒன்றில் பணம் கட்டி, கட்டுரையையும் இழந்தார். வேறு இதழுக்கு அனுப்பவும் முடியவில்லை. பணம் கட்டும் முன் ஒரு நாள் பொறுத்து என்னிடம் இணைப்பை அனுப்பியிருந்தால் போதும்.

10. என் ஸ்காலர் தீசிஸ் 23% காட்டுது. எப்படியாவது 10-க்குள்ள கொண்டுவந்து தாங்களேன்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அந்த எண்ணைக் குறைத்துத் தர மாட்டேன். அறிக்கையை வரிவரியாக உங்களோடு உட்கார்ந்து படிப்பேன். யு.ஜி.சி.யின் 2018 எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10% வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. ஆனால் மேற்கோள் காட்டி எடுத்த பகுதிகள், துணைநூற்பட்டியல், நன்றியுரை, சட்டப் பிரிவுகள், சமன்பாடுகள் கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களும் வராது. இவற்றை விலக்காமலே ஓட்டியிருந்தால் 23 என்பது 9 ஆகவும் இருக்கலாம்.

விலக்கிய பிறகும் மிஞ்சுவது உண்மையான பிரச்சினை. சொற்களை மாற்றிப் போடும் கருவியில் கொடுத்து எண்ணை இறக்கினால், எடுத்தது எடுத்ததுதான். மென்பொருளுக்குத் தெரியாமல் போகும், புறத்தேர்வாளருக்குத் தெரியும். மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை மாணவர் சொந்தமாக எழுதி, எடுத்த இடத்தைச் சொல்வது ஒன்றே வழி. இதை ஆய்வேடு முடிந்த பிறகு செய்வது கொடுமை. முதல் இயல் எழுதியதுமே கொண்டுவாருங்கள்.

11. தமிழ் ஆய்வேட்டுக்கு 2%தான் வந்துச்சு. அப்ப சுத்தம்தானே?

அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் திரையில் நமக்குத் தமிழாகத் தெரிவது மென்பொருளுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். எதனோடும் ஒத்துப்போகாது, அதனால்தான் 2%. இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும்.

நேர்மாறாகவும் நடக்கும். சங்கப் பாடல் அடிகளை மேற்கோள் குறி இல்லாமல் தனி வரிகளாக எழுதினால், மென்பொருள் அவற்றை மேற்கோளாக எடுத்துக்கொள்ளாமல் திருட்டாக எண்ணக்கூடும். குறுந்தொகைக்காக ஒரு மாணவி கண் கலங்கி வந்து நின்றாள். நேர்மையான பிள்ளை. மேற்கோள் குறிகளைப் போட்டு மறுபடி ஓட்டினோம், சரியாகிவிட்டது. தமிழைப் பொறுத்தவரை எண்ணை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். நெறியாளர் படித்துப் பார்ப்பதுதான் சோதனை.

12. ஏ.ஐ. கொடுத்த இந்தப் பத்து ரெஃபரன்ஸையும் எடுத்துத் தர முடியுமா?

எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் சில எங்கேயுமே இருக்காது என்பதற்குத் தயாராக இருங்கள். ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, அந்தக் கட்டுரையை மட்டும் யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். கட்டுரைக்கான நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யைத் தேடுங்கள், பிறகு அந்த இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து பக்க எண்ணைப் பாருங்கள். மாணவர் கொண்டுவரும் பட்டியலில் ஏதாவது மூன்றை எடுத்து இப்படிச் சரிபார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும்.

13. நாக் வர்றப்ப மட்டும் ஏன் பதிவேட்டுல கையெழுத்து கேக்கறீங்க?

வருடம் முழுக்கத்தான் கேட்கிறேன், அப்போது மட்டும் கண்ணில் படுகிறது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசியக் குழுவான நாக்கின் மதிப்பீட்டில் நூலகப் பயன்பாட்டுக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் வந்துபோனது பதிவாகவில்லை என்றால் அடுத்த ஆண்டு நிதி கேட்க என் கையில் ஆதாரம் இல்லை.

14. ஸ்டாக் வெரிஃபிகேஷன்னு எல்லாப் புத்தகத்தையும் திருப்பிக் கேக்கறீங்களே, படிச்சிட்டுத்தானே இருக்கேன்?

ஒரு நாள் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) வெளியே கொடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. ஆனால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் விசாரித்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும் புத்தகம் என் கணக்கில் தொலைந்த புத்தகம். 3-ஆம் கேள்வியில் சொன்ன அத்தனை கட்டங்களையும் தாண்டி வந்த அந்த ஒரே பிரதியை வேறொரு துறையில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம்.

15. வர்ற மே மாசம் ரிட்டயர் ஆகறேன். வீட்ல மூவாயிரம் புத்தகம் இருக்கு. நூலகம் எடுத்துக்குமா?

மனம் நிறைந்து எடுத்துக்கொள்வோம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. வண்டியில் ஏற்றி அனுப்பும் முன் நான் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை, பழைய பாடநூல்கள், கரையான் அரித்தவை தவிர மற்றதைப் பட்டியலிட்டு, உங்கள் பெயர் முத்திரையோடு சேர்ப்போம். எங்கே போகும் என்று தெரியாமல் கொடுப்பதைவிட, எடுக்காதவற்றை எந்தக் கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்வது நல்லது. ஓரங்களில் நீங்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகளை அழிக்க வேண்டாம்.

புத்தகங்களைவிட எனக்கு ஆசையானது நீங்கள் தூக்கிப் போட நினைப்பவை. கருத்தரங்க மலர்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், களப்பணி நோட்டுகள், கிராமத்தில் பதிவு செய்த பாட்டு கேசட்டுகள். இவை வேறெங்கும் இருக்காது. யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்தது அது. கேசட்டுகளை வெயில் படாமல், ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.